455 தோட்டா: ஈயமும் சட்டமும்

படுவான்கரையில் சேனைக் காவல் இருந்தோரின் பேச்சில் 'இடியன் துவக்கு' என்றொரு சொல் வழங்கி வந்தது. குழலின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் தும்பு அடைத்து, பின்னர் ஈயச் சன்னங்களைப் போட்டு, கோலினால் இடித்து இறுக்கிச் சுடப்பட்டதால் அத்துவக்கு இப்பெயர் பெற்றது. பெயரே அதன் இயல்பையும் குறைபாட்டையும் ஒருங்கே கூறிவிடுகின்றது. ஒரு முறை சுட்டபின் மறுமுறை இடித்து முடிப்பதற்குள் பன்றி வேலியைக் கடந்து காட்டுக்குள் மறைந்துவிடும். மருந்து ஒரு பையில், சன்னம் இன்னொரு பையில், வெடித்தொப்பி மடிச்சீலையில் என அனைத்தும் வெவ்வேறாக இருந்தமையால், மார்கழி மழையில் மருந்து நனைந்துவிட்டால் துவக்கு வெறுந்தடியாகிவிடும். தனித்தனியே கிடந்த இவற்றையெல்லாம் ஒரே கோதினுள் அடக்கி, மழைக்கும் இருளுக்கும் நடுங்கும் கைக்கும் அஞ்சாத ஒரு பொருளாக ஆக்கியதே தோட்டாவின் வரலாற்றுப் பணி எனலாம்.

சொற்களைப் பற்றி ஈண்டு ஒரு சிறு குறிப்பு வேண்டும். துப்பாக்கி, துவக்கு என்னும் இரண்டும் துருக்கிய மூலத்தினின்று தமிழுக்கு வந்தவை. தோட்டா என்பது இந்துஸ்தானி வழி வந்தது. இக்காலத்துச் செய்தித்தாள்கள் 'தோட்டா பாய்ந்தது' என எழுதுகின்றன. உண்மையில் தோட்டா பாய்வதில்லை. தோட்டா என்பது கோது, மருந்து, எரியூட்டும் தொப்பி, சன்னம் ஆகிய நான்கின் தொகுதி. பாய்வது சன்னம் ஒன்றே. கோது சுட்டவனிடமே தங்கிவிடும். முட்டைக்கோது, கச்சான்கோது என நம் வழக்கிலுள்ள அச்சொல் இதற்கும் எத்துணைப் பொருத்தமாக அமைந்துவிட்டது! கலைச்சொல்லாக்கத்திற்காக உழைத்த விபுலாநந்த அடிகள் பிறந்த மண்ணில் இத்தகைய வேறுபாடுகளைக் கைவிடாமல் எழுதுவது முறையாகும். பின்வரும் பகுதிகளில் கோது, சன்னம், தோட்டா என்பன இப்பொருளிலேயே ஆளப்படும்.

போர்க்காலத்தில் வயல் வரம்பிலும் தெருவோரத்திலும் வெற்றுக் கோதுகளைக் கண்டு வளர்ந்த ஒரு தலைமுறை இம்மாவட்டத்தில் உண்டு. அவர்கள் நடுவே வழக்கொழிந்த ஒரு கைத்துப்பாக்கித் தோட்டாவின் வடிவத்தை ஆராய்வது வீண் வேலை எனச் சிலர் கருதக்கூடும். ஆயினும், பிரித்தானியப் பேரரசின் 455 தோட்டா ஏனையவற்றினும் வேறுபட்ட ஒரு பாடத்தை வைத்திருக்கின்றது. மனித உடலை எவ்வளவு சிதைக்கலாம், எவனுடைய உடலைச் சிதைக்கலாம் என்னும் கேள்விகளுக்குப் பேரரசு அளித்த விடைகள் அதன் சன்னத்தின் மூக்கிலேயே வரையப்பட்டுள்ளன. அரை நூற்றாண்டுக்குள் அம்மூக்கு உருண்டையாகி, குழியாகி, தட்டையாகி, மீண்டும் உருண்டையாயிற்று. ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் ஒரு போர்க்களமோ ஒரு மாநாட்டு மேசையோ இருந்தது.

தோட்டாவின் முன்னோடி காகிதப் பொட்டலமே. ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தும் சன்னமும் அதில் சுற்றப்பட்டிருக்கும். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்களத்தில், புதிய என்பீல்ட் துப்பாக்கிக்கான பொட்டலத்தில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் பூசப்பட்டுள்ளன என்ற வதந்தி எழுந்ததும், அது அவ்வாண்டின் பெருங்கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றானதும் வரலாறு பயில்வோர் அறிந்தவை. டம்டம் என்னும் ஊர்ப்பெயரை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ளல் நன்று. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே ஊரில் செய்யப்பட்ட மற்றொரு சன்னம் உலகின் சட்டநூல்களில் இடம்பிடிக்க இருந்தது.

காகிதத்தின் இடத்தை உலோகம் பிடித்தது 1860களிலாகும். இங்கிலாந்தின் வூலிச் அரச ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எட்வர்ட் பொக்சர், கோதின் அடித்தட்டு நடுவில் எரியூட்டும் தொப்பியைப் பொருத்தும் முறையை 1866 அளவில் வகுத்தார். அம்முறையில் அமைந்த முதற் பிரித்தானியக் கைத்துப்பாக்கித் தோட்டா 1868இல் அடம்ஸ் சுழல் துப்பாக்கிக்கென வந்த 450 ஆகும். 1880இல் என்பீல்ட் சுழல் துப்பாக்கியும் 476 தோட்டாவும் வந்தன. அவை படையினரின் மனத்தைக் கவரவில்லை. 1887இல் பேர்மிங்ஹாம் நகரின் வெப்லி நிறுவனத்துடன் அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது. வெப்லி துப்பாக்கியுடன் வந்ததே 455 தோட்டா. அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் 455 கூறு என்பது இவ்வெண்ணின் பொருள். ஏறத்தாழ பதினொன்றரை மில்லிமீற்றர். நம் சுண்டுவிரலின் பருமனுக்குச் சற்றுக் குறைவு எனக் கொள்ளலாம்.

இதன் அமைப்பு எளியது. எளிமையே இதன் வலிமையுமாகும். கோது பித்தளையால் ஆனது. தோட்டாக் கோதுகளுக்குரிய பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு நாகமும் கலந்திருக்கும். இக்கலவை தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் அதன் நெகிழ்ச்சியே. மருந்து எரியும் கணத்தில் கோது விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி, அனற்காற்று பின்னால் கசியாதவாறு அடைக்கின்றது. அழுத்தம் தணிந்ததும் மீண்டும் சுருங்கி, எளிதாகக் கழன்று வருகின்றது. இரும்பு அவ்வளவு இசைந்து கொடுக்காது. செம்பு விரிந்தபின் சுருங்க மறுக்கும். கோதின் அடியில் ஒரு விளிம்பு உண்டு. சுழலும் உருளையின் ஆறு அறைகளிலும் தோட்டா உள்ளே விழுந்துவிடாமல் அவ்விளிம்பு தாங்கும். வெப்லி துப்பாக்கியின் தாழ்ப்பாளைப் பெருவிரலால் தள்ளி, குழலைக் கீழ்நோக்கி மடக்கினால், நடுவிலுள்ள நட்சத்திர வடிவத் தகடு எழும்பி ஆறு விளிம்புகளையும் ஒருங்கே நெம்பி, ஆறு வெற்றுக் கோதுகளையும் ஒரே வீச்சில் வெளியே தள்ளிவிடும். இடியன் துவக்குக்காரன் ஒரு வெடிக்கு மருந்து இடிக்கும் நேரத்தில் இதனை உடையவன் ஆறு வெடி தீர்த்து, மீண்டும் ஆறு நிரப்பிவிடலாம். பேரரசுக்கும் அதன் குடிமக்களுக்கும் இடையில் இருந்த தூரத்தை அளக்க இது ஒரு நல்ல அளவுகோல்.

சன்னத்தின் எடையை ஆங்கிலேயர் கிரெயின் கணக்கில் கூறுவர். கிரெயின் என்பது தானியமணி. நம் பொற்கொல்லர் குன்றிமணி வைத்து நிறுத்ததைப் போன்றதே. 455 தோட்டாவின் முதற் சன்னம் 265 கிரெயின், அதாவது பதினேழு கிராமுக்குச் சற்று மேல். நகைக்கடைக் கணக்கில் சொல்வதாயின் இரண்டு பவுணுக்கும் கூடிய ஈயம். அதன் வேகமோ செக்கனுக்கு ஏறத்தாழ 180 மீற்றர். ஒலியின் வேகத்தில் பாதியைச் சற்றே தாண்டும் இவ்வேகம் துப்பாக்கி உலகில் மிகக் குறைவானது. கனமான சன்னம், மெதுவான ஓட்டம், மென்மையான ஈயம்: இம்மூன்றுமே அக்காலத்து வடிவமைப்பின் கொள்கை. சன்னத்தின் அடிப்பக்கம் உள்நோக்கிக் குழிக்கப்பட்டிருந்தது. அனற்காற்று அக்குழியை விரித்து, சன்னத்தைக் குழலின் திருகுவரைகளோடு இறுகப் பொருத்தும்.

முதலில் இடப்பட்டது கரிமருந்து. 1890களில் அதற்குப் பதிலாகக் கோர்டைட் வந்தது. இது 1889இல் ஏபெல், டிவர் என்னும் விஞ்ஞானிகள் உருவாக்கிய புகையற்ற மருந்து. கயிறு போல் இழையாகப் பிழிந்தெடுக்கப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. கரிமருந்திலும் வலிமை கூடியதாகையால் சிறிதளவே போதுமாயிற்று. பழைய நீண்ட கோதினுள் அச்சிறிதளவு மருந்து சீராக எரியவில்லை. பெரிய பானையில் ஒரு பிடி அரிசி வேகவைப்பதைப் போன்ற நிலை. எனவே 1897இல் வந்த இரண்டாம் மாதிரித் தோட்டாவில் கோது குட்டையாக்கப்பட்டது. ஆயினும், புதிய துப்பாக்கியில் பழைய தோட்டாவும் பழையதில் புதியதும் செல்லுமாறு விளிம்பும் பருமனும் மாறாமல் வைக்கப்பட்டன. உலகின் பல மூலைகளில் களஞ்சியம் வைத்திருந்த ஓர் அரசின் சிக்கனம் இதில் தெரிகின்றது.

இதுவரை கூறியது பொறியியல். இனி வருவது வேறு.

1895இல் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் சித்ரால் என்னும் மலைநாட்டில் போர் நடந்தது. அங்கு ஆங்கிலேயர் கையாண்டது புதிய 303 ரைபிள். அதன் சன்னம் ஒல்லியானது, கடினமான உலோகப் போர்வை உடையது, வேகம் மிக்கது. அது மனித உடலை ஊசிபோல் துளைத்து மறுபுறம் சென்றது. துளைக்கப்பட்டவரோ ஓடிவருவதை நிறுத்தவில்லை என்று அதிகாரிகள் முறையிட்டனர். டம்டம் படைக்கலச்சாலையின் பொறுப்பாளராயிருந்த கப்டன் நெவில் பேர்ட்டி கிளே இதற்கு மாற்றுக் கண்டார். சன்னத்தின் நுனியில் உலோகப் போர்வையைச் சிறிது விலக்கி ஈயத்தை வெளித்தெரிய விட்டார். உடலில் பட்டதும் அம்மென்னுனி மலர்ந்து விரியும், காயம் பெருகும். 1897–98 காலத்தில் எல்லைப்புறத் திராப் போரில் இது பயன்பட்டது. ஊரின் பெயரே சன்னத்தின் பெயராயிற்று. இன்று அவ்வூரை வானூர்தி நிலையத்தால் அறிவோரே அதிகம்.

ரைபிளுக்குச் செய்ததைக் கைத்துப்பாக்கிக்கும் செய்யலாம் என்ற எண்ணத்தின் விளைவே 1898இல் வந்த 455இன் மூன்றாம் மாதிரி. அதன் சன்னத்திற்கு மூக்கு என்பதே இல்லை. சிறு உருளையின் இரு முனைகளிலும் அரைக்கோள வடிவில் குழி பறிக்கப்பட்டிருந்தது. பார்வைக்கு இருபுறமும் வாயுள்ள சின்னஞ்சிறு உரல். பின்குழி திருகுவரையோடு பொருந்துவதற்கு. முன்குழி உடலில் பட்டதும் விளிம்பு பிதுங்கி விரிவதற்கு. எடை 218 கிரெயின். ஒன்றே முக்கால் பவுண். இதனை 'மனிதனைத் தடுத்து நிறுத்துவது' என்னும் பொருள்தரும் பெயரால் வழங்கினர். அப்பெயரில் மறைவொன்றும் இல்லை. ஓடிவரும் மனிதன் ஒருவனை ஓர் ஈயத்துண்டால் நிற்கச் செய்வதே வடிவமைப்பாளனுக்கு இடப்பட்ட கணக்கு. அவ்வாறு ஓடி வருபவனாகக் கருதப்பட்டவன் யார் என்பதே பின் எழுந்த வழக்கு.

ரஷ்ய மன்னர் இரண்டாம் நிக்கலஸின் அழைப்பின்பேரில் 1899 மே மாதம் 18ஆம் நாள் நெதர்லாந்தின் ஹேக் நகரில் 26 நாடுகளின் மாநாடு கூடிற்று. விரிந்து சிதைக்கும் சன்னங்களைத் தடைசெய்யும் பிரேரணை அங்கு வந்தது. ஜேர்மனிய அறுவை மருத்துவர் புரூன்ஸ் தூபிங்கனில் நடத்திய சோதனைகள் பிரதிநிதிகளின் மனத்தில் ஆழப் பதிந்திருந்தன. அவர் சோதித்தது டம்டம் சன்னமன்று, ஈயம் மிகுதியாக வெளித்தெரியும் வேட்டைச் சன்னமே என ஆங்கிலேயர் வாதிட்டனர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. பிரித்தானியப் பிரதிநிதி ஜெனரல் சேர் ஜோன் ஆர்டா முன்வைத்த இரண்டாவது வாதத்தின் சாரம் இது: நாகரிக நாட்டுச் சிப்பாய், சன்னம் பட்டதும் தான் காயமுற்றதை உணர்ந்து, மருத்துவம் நாடிப் பின்வாங்குவான், காட்டுமிராண்டியோ பலமுறை துளைக்கப்பட்ட பின்னும் பாய்ந்து வருவான், காயமுற்றவன் நடந்துகொள்ள வேண்டிய முறையை அவனுக்கு எடுத்துரைக்குமுன் அவன் தலையைக் கொய்துவிடுவான். ஆகவே இத்தகையோருக்கு எதிராக விரியும் சன்னம் தேவை.

நாகரிகன், காட்டான் என மனிதரைப் பிரித்துப் பேசுவது மாநாட்டின் மனிதநேய நோக்குக்கு ஒவ்வாது என ரஷ்யத் தரப்பு மறுத்தது. அம்மாநாட்டில் ஆசியாவிலிருந்து ஜப்பான், சீனம், சீயம், பாரசீகம் முதலியன இருக்கை பெற்றிருந்தன. எவருடைய உடலைப் பற்றிப் பேச்சு நடந்ததோ அந்த எல்லைப்புறப் பத்தானியருக்கோ, சூடானியருக்கோ, இந்தியருக்கோ, இலங்கையருக்கோ அங்கு இருக்கை இல்லை. சன்னம் பட்ட இரத்தக்குழாய், அதற்குரியவன் எந்த நாட்டான் என்று பார்த்து இரத்தம் சொரிவதில்லை. காயம்பட்டவன் ஓடிவருவதும் வீழ்வதும் சன்னம் பட்ட இடத்தையும் அவன் மனநிலையையும் பொறுத்தவை. தாய்நிலத்தைக் காக்க ஓடிவந்தவனின் உறுதியை இனக்குறையாகப் பதிவு செய்தது ஒரு பெரிய ஏமாற்று என்றே கூற வேண்டும். இறுதி வாக்கெடுப்பில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் எதிர்த்தன. போர்த்துக்கல் நடுநிலை வகித்தது. ஏனையோர் ஆதரிக்க, ஜூலை 29ஆம் நாள் பிரகடனம் நிறைவேறிற்று.

பிரகடனத்தின் உடலுக்குள்ளேயே ஒரு பெரிய வாயில் திறந்து கிடந்தது. ஒப்பமிட்ட நாடுகள் தம்முள் புரியும் போருக்கு மட்டுமே அது செல்லும். ஒப்பமிடாத நாட்டோடு போர் எனில் கட்டுப்பாடில்லை. ஒரு நாட்டின் உள்ளே நிகழும் மோதலைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆர்டாவின் வாதம் வாக்கில் தோற்றது. ஆனால் அவர் வகுத்த எல்லைக்கோடு சட்டத்தின் அமைப்பினுள் வேறு பெயரில் தங்கிவிட்டது.

பிரித்தானியா ஒப்பமிடாதபோதும் உலகின் பார்வைக்கு அஞ்சியது. 1900இல் மூன்றாம் மாதிரி படையிலிருந்து மீளப்பெறப்பட்டது. உருண்டை மூக்குள்ள இரண்டாம் மாதிரி திரும்பி வந்தது. அவ்வேளை தென்னாபிரிக்காவில் போயர்களோடு போர் நடந்துகொண்டிருந்தது. 303 ரைபிளுக்கும் விரியும் சன்னத்தைத் தவிர்த்து, பழைய கடினச் சன்னமே அங்கு கொடுக்கப்பட்டது. குழி நுனிச் சன்னங்களின் போர்வை குழலினுள்ளேயே கழன்று தங்கும் குறையும் இதற்கு ஒரு காரணம். எனினும் எல்லைப்புறத்தானுக்கு ஒன்று, ஐரோப்பிய இரத்தமுள்ள போயருக்கு ஒன்று என்ற நிலை உருவானதைக் காணாதிருக்க முடியாது. அப்போயர்களுள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் 1900 முதல் நம் நாட்டின் தியத்தலாவைக்குக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டனர் என்பதும் நினைவுகூரத்தக்கது. பிரித்தானியா பிரகடனத்தை ஏற்றது 1907இலாகும்.

ஏற்றபின்னும் ஆசை அடங்கவில்லை. 1912இல் நான்காம் மாதிரி வந்தது: குழி இல்லை, முன்பக்கம் வெட்டிய மரக்கட்டை போல் தட்டை. விரியாது, ஆயினும் தட்டை முகத்தால் அகலத் துளைக்கும். சட்டத்தின் எழுத்தை மீறாமல் அதன் நோக்கை மீறும் கெட்டிக்காரத்தனம் இது. 1914இல் கடின ஈயத்தால் ஐந்தாம் மாதிரி செய்யப்பட்டது. அவ்வாண்டே உலகப்போர் மூண்டது. தட்டைச் சன்னத்தோடு பிடிபடும் அதிகாரிகள் குற்றவாளிகளாக நடத்தப்படலாம் என்ற அச்சம் எழுந்தது; டம்டம் சன்னம் பயன்படுத்தியதாக ஜேர்மனியும் குற்றஞ்சாட்டிற்று. போர் தொடங்கிய சில மாதங்களில் தட்டை மூக்கு கைவிடப்பட்டு, மூன்றாம் முறையாக உருண்டை மூக்கு வந்தது. ஐரோப்பியன் ஐரோப்பியனை எதிர்கொண்டபோதுதான் சட்டம் முழு வீச்சில் இயங்கிற்று என்பது கசப்பான உண்மை.

இக்கதையில் அமெரிக்காவின் பங்கு சிறிது. பிலிப்பைன்ஸில் மோரோ வீரர்களை எதிர்த்தபோது தம் 38 தோட்டா வலுவற்றது என்று கண்ட அமெரிக்கப் படை, 1904இல் சிக்காகோ இறைச்சிக்கூடத்து மாடுகள் மீதும் மனிதப் பிணங்கள் மீதும் பலவகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தது. 45க்குக் குறைந்த விட்டம் போதாது என்பது முடிவு. அச்சோதனையின் ஒழுங்கு பற்றி ஐயங்கள் உண்டு. ஆயினும் பெரிய சன்னமே பெரிய மருந்து என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது.

அந்நம்பிக்கையைப் பிரித்தானியா இருபது ஆண்டுகளில் தானே கைவிட்டதுதான் வியப்பு. வெப்லியின் ஆறாம் மாதிரித் துப்பாக்கி ஒரு கிலோவுக்கும் மேல் எடை, உதைப்பும் மிகுதி. முதலாம் உலகப்போரில் சில வாரப் பயிற்சியோடு களம் சென்றவர்களால் அதனைக் கொண்டு குறி தவறாமல் சுட இயலவில்லை. எனவே 1920களில் சோதனைகள் நடத்தி, 1877இல் அமெரிக்காவில் தோன்றிய 38 தோட்டாவின் கோதில் 200 கிரெயின் ஈயச் சன்னத்தைப் பொருத்தினர். நீண்ட, கனத்த அச்சன்னம் மெதுவாகச் சென்று, உடலில் பட்டதும் நிலைதடுமாறிப் புரளும். அதனால் பழைய 455க்கு ஈடாகும் என்று கணக்கிட்டனர். 1932இல் இதற்கென என்பீல்ட் சுழல் துப்பாக்கி ஏற்கப்பட்டது. விரியும் சன்னம் தடையானால் புரளும் சன்னம்! ஆயினும் போர்வையற்ற ஈயம் ஹேக் பிரகடனத்தை மீறக்கூடும் என்ற ஐயம் மீண்டும் எழவே, 1930களின் இறுதியில் 178 கிரெயின் எடையும் முழு உலோகப் போர்வையும் உடைய இரண்டாம் மாதிரி வந்தது. புதிய தோட்டாவின் முழு நியாயமும் அந்தக் கனத்த ஈயத்திலேயே இருந்தது; அதை எடுத்துவிட்டபின் எஞ்சியது எடை குறைந்த துப்பாக்கி மட்டுமே.

455உம் உடனே ஓய்வு பெறவில்லை. 1939இல் அதற்கும் முழுப் போர்வையுடன் ஆறாம் மாதிரி செய்யப்பட்டது. துப்பாக்கித் தட்டுப்பாட்டினால் இரண்டாம் உலகப்போரிலும் வெப்லிகள் வழங்கப்பட்டன. கடற்படையினரும் அவற்றை வைத்திருந்தனர். அக்கடற்படையின் எர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 1942 ஏப்ரல் 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டுச் சில நிமிடங்களில் மூழ்கிற்று. விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. அன்றோ அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. 307 பேர் மாண்டனர். கல்லடியிலிருந்து மீன்பிடிக்கச் செல்வோர் அறிந்த கடலடியில், வெளிச்சவீட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் தொலைவில், அது இன்றும் கிடக்கின்றது. வானிலிருந்து குண்டு விழும் அக்காலத்தில் இடுப்பில் தொங்கிய ஆறு வெடித் துப்பாக்கி அதிகாரியின் பதவிச் சின்னம் என்ற அளவிலேயே நின்றது. ஒருவனை ஒருவன் முகம் பார்த்துச் சுடும் போரின் காலம் அதற்கு முன்பே பெருமளவு முடிந்துவிட்டது.

1947 அளவில் 455 பிரித்தானியப் படையின் பட்டியலிலிருந்து நீங்கிற்று. 380 என வழங்கிய இளைய தோட்டாவும் 1950களில் ஒன்பது மில்லிமீற்றர்த் தோட்டாவுக்கு வழிவிடத் தொடங்கிற்று. படை கைவிட்டதைப் பொலிஸ் கைவிடவில்லை. சிங்கப்பூரிலும் பலஸ்தீனத்திலும் குடியேற்றநாட்டுப் பொலிஸாரின் இடுப்பில் 38 வெப்லி இருந்தது. இந்தியாவில், 1869இல் புனேயை அடுத்து நிறுவப்பட்ட கட்கித் தோட்டாத் தொழிற்சாலை, சுதந்திரத்தின் பின்னும் நெடுங்காலம் 380 தோட்டாவைச் செய்து வந்தது. பேரரசு போய்விட்டது, அதன் தோட்டா புதிய அரசுகளின் காவலனானது.

ஹேக் பிரகடனம் திறந்து வைத்த வாயில் மூடப்பட எத்தனை காலம் ஆயிற்று என்பதே எஞ்சிய கேள்வி. 1998இல் உருவான சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டம், விரியும் சன்னத்தைப் பயன்படுத்துவதை நாடுகளுக்கிடையிலான போரில் குற்றமாக்கியது. உள்நாட்டுப் போரில் அதையே குற்றமாக்கும் திருத்தம் 2010இல் உகண்டாவின் கம்பாலா நகரில்தான் ஏற்கப்பட்டது. 1899க்கும் அதற்கும் இடையே 111 ஆண்டுகள். பகைநாட்டுச் சிப்பாய்க்கு அளிக்கப்பட்ட காப்பு, சொந்த நாட்டுக் குடிமகனுக்குக் கிடைப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் சென்றது என்பது இதன் பொருள். அத்திருத்தமும் அதனை ஏற்ற நாடுகளையே கட்டுப்படுத்தும். இலங்கை ரோம் சட்டத்தில் இதுவரை இணையவில்லை.

போர் அல்லாத பொலிஸ் பணியை இச்சட்டங்கள் தொடுவதில்லை. 1990களின் இறுதியில் நியூயோர்க் நகரப் பொலிஸார் முழுப் போர்வைச் சன்னத்தைக் கைவிட்டுக் குழி நுனிச் சன்னத்திற்கு மாறினர். அவர்கள் கூறிய காரணம், கடினச் சன்னம் குற்றவாளியைத் துளைத்து அப்பால் நிற்கும் வழிப்போக்கரையும் தாக்குகின்றது என்பது. காரணத்தில் நியாயம் உண்டு; தெருவில் நிற்கும் மூன்றாமவரின் உயிரும் உயிரே. ஆயினும் சித்ராலில் 'துளைத்துச் சென்றுவிடுகிறது' என எழுந்த அதே முறைப்பாடுதான், நூறாண்டு கழித்து, வேறொரு நகரில், வேறொரு நியாயத்தோடு எழுந்திருக்கின்றது. 1898இல் வூலிச்சில் வரையப்பட்ட முன்குழி, பெயர் மாறி, உலோகம் மாறி, இன்றும் உற்பத்தியில் இருக்கின்றது.